ஒண்டாச்சி என்பது ஒல்லாந்தப் பெயரன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றவர்களைப் பற்றித் தங்கள் சென்ற ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். அதில் மைக்கேல் ஒண்டாச்சியைப் பற்றிய பகுதியில், அவருடைய குடும்பப் பெயர் ஒரே பக்கத்தில் 'ஒண்டாட்ஜே' என்றும் 'ஒந்தாத்யே' என்றும் 'ஆண்டாஜி' என்றும் மூன்று விதமாக அச்சாகியிருந்தது. அத்தோடு நின்றிருந்தால் அச்சுப்பிழை என்று விட்டிருப்பேன். அவருடைய பெயரே அவர் ஒல்லாந்த (டச்சு) வம்சத்தவர் என்பதற்குச் சான்று என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததைக் கண்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெயர் காட்டுவது அதற்கு நேர்மாறான செய்தியை. அது தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த பெயர். ஒல்லாந்தர் அதற்குத் தந்தது எழுத்துக்கூட்டலை மட்டுமே.

இந்தத் தவறை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன் என்பதால் இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. எழுபதுகளில் கொழும்பு வடக்கிலுள்ள ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், வரவு இடாப்பில் பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இந்தக் குடும்பப் பெயருடைய ஒரு பையனின் முறை வந்தபோது எழுத்துக்கு எழுத்து பெயர்த்து 'ஒண்டாட்ஜே' என்று போட்டுவிட்டேன். சில நாள் கழித்து அவனுடைய பாட்டியார் ஏதோ ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்க வந்தார். நீண்ட கவுண் அணிந்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்ற அந்த அம்மையார், மேசையில் திறந்திருந்த இடாப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, தம்முடைய விரலால் அந்த வரியைத் தொட்டு, "இது எங்கட பெயர் இல்லை, டீச்சர். ஒண்டாச்சி எண்டு எழுதுங்கோ. டாச்சி, டாச்சி" என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டில் ஆங்கிலம் பேசிய குடும்பம் அது; பெயரை மட்டும் அவர் தமிழ் நாக்கால் சொன்னார். நான் அடித்துத் திருத்தினேன். அன்றிலிருந்து இந்தப் பெயரைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவருகிறேன்.

எழுத்துக்கூட்டலில் உள்ள சூட்சுமம் எளிமையானது. ஆங்கில எழுத்துகளில் இந்தப் பெயர் டி, ஜே, ஈ (tje) என்ற மூன்று எழுத்துகளில் முடிகிறது. ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது 'ட்ஜே' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒல்லாந்தர் தங்கள் எழுத்தில் 'ச்ச' என்னும் ஓசையைக் குறிக்க டி, ஜே என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தே எழுதினர். அவர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் அப்படியே எழுதப்பட்டு, 1972இல் அந்நாடு எழுத்துச் சீர்திருத்தம் செய்து அந்த இரட்டை எழுத்தைக் கைவிடும் வரைக்கும் அவ்வழக்கம் நீடித்தது. ஆகவே ஒல்லாந்த எழுத்தர் ஒருவர், தம் முன்னே நின்ற தமிழர் சொன்ன 'ஒண்டாச்சி' என்ற ஓசையைக் கேட்டு, தம் மொழியின் முறைப்படி சரியாகத்தான் எழுதிவைத்தார். அவர் எழுதியதைப் பிற்காலத்தில் ஆங்கில முறைப்படி வாசித்தவர்கள்தான் பெயரைக் கெடுத்தார்கள். இதில் இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. ஒல்லாந்த மொழியில் ஒரு பொருளைச் சிறியது என்றோ செல்லமானது என்றோ குறிக்க, சொல்லின் இறுதியில் அதே மூன்று எழுத்துகளைச் சேர்ப்பார்கள். அதனால் அந்த மொழியறிந்தவர்களுக்கும் இது தங்கள் வீட்டுப் பெயர் போலவே தோன்றியது. தமிழ் ஒலியின் மேல் ஒல்லாந்த விகுதியின் சாயல் விழுந்த இந்த வேடிக்கையை மைக்கேல் ஒண்டாச்சியே நன்கு அறிந்தவர். தம் முன்னோரின் சொந்தப் பெயரை ஒல்லாந்தர் எழுதிய விதமே தம் குடும்பப் பெயர் என்று 1982இல் வெளிவந்த தம் நினைவுநூலில் அவர் எழுதியிருக்கிறார். தங்கள் கட்டுரையாளர் அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தாலே போதும்.

குடும்பத்தின் கதை இது. தஞ்சாவூரிலிருந்து வைத்தியர் ஒருவர் 1659இல் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டார். அப்போதைய ஒல்லாந்த ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவிக்கு வந்த நோயை ஐரோப்பிய வைத்தியர்களால் தீர்க்க முடியாமற்போக, இவர் தம் நாட்டு மூலிகையால் குணமாக்கினார். பிறகு ஒல்லாந்தருடைய சேவையிலேயே கொழும்பில் தங்கி, கிறிஸ்தவராகி, மைக்கேல் யூர்கன் என்ற பெயரையும் ஏற்றார். இவ்வாறு அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நினைவுநூலில் இதே கதை 1600ஆம் ஆண்டில் நடந்ததாகவும், குணமடைந்தவர் ஆளுநரின் மகள் என்றும் வருகிறது. இரண்டில் எது பொருந்தும் என்பதைக் காலத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1600இல் கொழும்பு போர்த்துக்கேயர் கையில் இருந்தது. ஒல்லாந்தக் கப்பல்கள் இலங்கைக் கரையை முதன்முதலில் தொட்டதே 1602இல்தான். கொழும்புக் கோட்டை அவர்களிடம் வீழ்ந்தது 1656 மே மாதத்தில். கொழும்பில் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர் பிறக்க வேண்டுமானால், அது அதற்குப் பிறகே நடந்திருக்க வேண்டும்.

1659 என்ற ஆண்டு பொருந்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை எங்கள் ஊர்க் கட்டுரைகளில் யாரும் எடுத்துச் சொல்லிக் கண்டதில்லை. அதற்கு முந்தைய ஆண்டான 1658இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையையும், அதே ஆண்டில் கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். நாகப்பட்டினம் தஞ்சை நாயக்க மன்னரின் நாட்டுக் கரையில் இருந்த துறைமுகம். விஜயராகவ நாயக்கர் ஆண்ட காலம் அது. அந்தத் துறைமுகம் கைக்கு வந்த மறு ஆண்டில் கொழும்பு ஆளுநர் தஞ்சையிலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தார் என்பது கதையாகத் தோன்றவில்லை. அன்றைய கப்பல் வழியும் அரசியலும் அதற்கு இடம் கொடுத்திருந்தன. அதே ஆண்டுகளில் அதே கரையிலிருந்து வேறு பலரும் வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடியதால் பஞ்சம் மூண்டு, பிழைக்க வழியற்ற ஆயிரக்கணக்கான ஏழைகளை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். ஒரே கடல், ஒரே துறைமுகம். வைத்தியரின் பெயர் முந்நூற்றறுபது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது; அந்த ஏழைகளுடைய பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூட வாய்க்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் இன்னொரு வகையிலும் முக்கியமானது. நம்மிடையே குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரன் காலத்தில் அது மறைந்து வேறோர் எழுத்து வந்துவிடும். அப்படியிருக்க, பதினேழாம் நூற்றாண்டில் ஒரு தமிழரின் பெயர் மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் ஒட்டிக்கொண்டது எப்படி? அதற்கு ஒல்லாந்தரின் பதிவுப் பழக்கமே காரணம். அவர்கள் நிலத்துக்குத் தோம்பு எனும் ஒரு பதிவேடும், திருமுழுக்கையும் திருமணத்தையும் பாடசாலை வழியாகப் பதிவதற்குப் பள்ளித் தோம்பும் வைத்திருந்தனர். ஒருவருடைய சொத்து, திருமணம், அரசு வேலை எல்லாம் அந்தப் புத்தகங்களில் உள்ள பெயரைச் சார்ந்து நின்றதால், ஒருமுறை எழுதப்பட்ட பெயரை மாற்றாமல் வைத்திருப்பது குடும்பத்துக்கு நன்மை தந்தது. இந்தக் குடும்பத்தையும் உள்ளடக்கிய, கொழும்புச் செட்டிகள் என்று அறியப்பட்ட சமூகம் முழுவதிலும் இதன் அடையாளத்தைக் காணலாம். தமிழ்க் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்து கொழும்பில் நிலைகொண்ட அவர்கள், முதலில் கத்தோலிக்கராகவும் பிறகு பலர் ஒல்லாந்தச் சபையினராகவும் அதன் பின் அங்கிலிக்கராகவும் மாறினர். ஆயினும் காசிச்செட்டி, ஆசிரப்பா, கந்தப்பா, முத்துக்கிருஷ்ணா முதலிய பெயர்கள் ஆங்கில எழுத்தில் எவ்வளவு திரிந்தாலும் தமிழ்க் காது கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும். 1834இல் இலங்கையின் புவியியல் அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியைத் தமிழுலகம் தன் மகனாகவே கொண்டாடுகிறது. கற்பிட்டியில் பிறந்த அவருடைய பெயரில் உள்ள 'காசி'யை யாரும் ஐரோப்பியச் சொல் என்று எழுதுவதில்லை. ஒண்டாச்சிக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்பதே என் கேள்வி.

ஒல்லாந்த இரத்தம் அந்தக் குடும்பத்தில் கலக்கவே இல்லை என்று நான் வாதிடவில்லை. நன்றாகவே கலந்தது. வைத்தியர் வந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லம் யூர்கன் ஒண்டாச்சி ஒல்லாந்துக்குச் சென்று இறையியல் படித்துக் குருவாகத் திரும்பினார். அவர் மணந்தது ஹெர்மினா குவின்ட் என்ற ஒல்லாந்தக் குடும்பப் பெண்ணை. அவர்களுடைய மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி 1758இல் கொழும்பில் பிறந்தார். தாயின் குடும்பப் பெயரையும் தந்தையின் குடும்பப் பெயரையும் சேர்த்தே தாங்கிய இந்த மனிதரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை. பதினைந்து வயதளவில் கல்விக்காக ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே அந்நகரின் குடிமக்கள் படையில் சேர்ந்து, அரசகுலத்தின் அதிகாரத்தை எதிர்த்த தேசப்பற்றாளர் இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். 1786இல் உத்ரெக்ட் நகரமன்றத்தைக் குடிமக்களின் விருப்பப்படி மாற்றியமைத்த கிளர்ச்சியில் முன்னின்றவர் அவர். பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. 1787இல் பிரஷ்யப் படைகள் புகுந்து இயக்கத்தை நசுக்கியபோது அவர் பிரான்சுக்குத் தப்பினார். கடைசியில் 1818இல் பட்டாவியாவில் காலமானார். ஐரோப்பாவின் மக்களாட்சி வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பெயர், தஞ்சாவூர் வைத்தியர் ஒருவரின் பெயர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இவ்வளவு கலப்பு இருந்தும் பெயர் தமிழ்ப் பெயர்தான் என்று ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன்? குடும்பப் பெயர் என்பது தந்தை வழியை மட்டுமே சொல்வது. இலங்கையில் இதைச் சட்ட நோக்கிலேயே வகுத்துச் சொன்னவர்கள் உண்டு. பிரித்தானியர் காலத்தில், 1830 அளவில் தலைமை நீதியரசராயிருந்த சேர் ரிச்சர்ட் ஒட்லி, பறங்கியர், அதாவது இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தோர், யார் என்று விளக்கும்போது, தந்தைவழிப் பாட்டன் பறங்கியராக இருந்தால் தாய் எவராயினும் பேரனும் பறங்கியர் என்றும், பாட்டன் பறங்கியர் அல்லாவிடில் சந்ததியாரில் எவரும் பறங்கியர் ஆகார் என்றும் கூறினார். அந்த விதியை அப்படியே பொருத்தினால், தஞ்சாவூர்த் தமிழரின் ஆண்வழிச் சந்ததி எத்தனை ஒல்லாந்தப் பெண்களை மணந்திருந்தாலும் பறங்கியர் ஆகாது. நடைமுறை வேறு விதமாக இருந்தது. மொழி, உடை, திருமண உறவு, உத்தியோகம் ஆகியவற்றால் இந்தக் குடும்பம் பறங்கியரோடு பறங்கியராகக் கலந்து, பறங்கியர் என்றே அறியப்பட்டது. அவர்கள் தங்களை எவ்வாறு அழைத்துக்கொள்ள விரும்புகிறார்களோ அதற்கு முழு உரிமை அவர்களுக்கு உண்டு. நான் பேசுவது பெயரின் பிறப்பிடத்தை மட்டும்.

இந்தப் பெயருடையோர் இன்று மிகச் சிலரே. ஒரே ஒரு மூதாதையிடமிருந்து ஆண்வழியாக மட்டும் இறங்கிவந்த பெயர், பெண்மக்கள் மணமாகிச் செல்லும் ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கத்தான் செய்யும். இதற்குள் கொழும்புச் செட்டிச் சமூகமே சிறியது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் செட்டி என்று தங்களைப் பதிந்தவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஆறாயிரம் பேரே. அதிலும் பறங்கியரோடு கலந்த கிளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மீதியைப் புலப்பெயர்வு செய்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பிறகு, ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் கூட்டங்கூட்டமாகப் போயின. வெள்ளையருக்கே இடம் என்று அந்நாளில் கொள்கை வைத்திருந்த அவுஸ்திரேலியாவுக்குப் போக விரும்பியவர்கள், தங்கள் ஐரோப்பிய வம்சத்தைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய தமிழ்ப் பாட்டனாரைப் பற்றி வெளியே பேசாமலிருக்க அது பல குடும்பங்களைப் பழக்கியது என்று நினைக்கிறேன். இந்தப் பெயர் ஒல்லாந்தப் பெயர் என்ற எண்ணம் வேரூன்றியதற்கும் அந்த மௌனத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

ஆட்கள் குறைந்தாலும் பெயர் பரவியிருக்கும் இடங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கண்டியில் 1933இல் பிறந்த சேர் கிறிஸ்டோபர் ஒண்டாச்சியின் கொடையால் லண்டன் தேசிய உருவப்பட மாளிகையில் 2000இல் திறக்கப்பட்ட பகுதிக்கு இந்தப் பெயர். ஓர் இடத்தின் உயிர்ப்பைச் சிறப்பாகக் காட்டும் நூலுக்கு 2004 முதல் பிரித்தானியாவில் வழங்கப்படும் பரிசுக்கும் இந்தப் பெயர். அவருடைய தம்பி மைக்கேல் 1992இல் புக்கர் பரிசையும் 2018இல் தங்கப் புக்கரையும் பெற்றதைத் தங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. 2016இல் இலங்கை ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒரு சின்னஞ்சிறு சிலந்தி இனத்துக்கும் மைக்கேலின் நினைவாக இந்தப் பெயரைச் சூட்டினார்கள். எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த டபிள்யூ. சி. ஒண்டாச்சி. மருத்துவரான அவர் இலங்கையின் மூலிகைகளையும் பயன்தரும் செடிகொடிகளையும் ஆராய்ந்து எழுதியதோடு, 1840களில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தைச் சிறிது காலம் பொறுப்பேற்று நடத்தினார். மூலிகையால் வாழ்வு பெற்ற குடும்பத்தில் இருநூறு ஆண்டு கழித்தும் ஒருவர் மூலிகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. தங்கள் பத்திரிகையில் இந்தப் பெயர் வரும்போது, குடும்பத்தார் சொல்லும் ஓசைப்படி 'ஒண்டாச்சி' என்று ஒரே விதமாக அச்சிடும்படி ஆசிரிய பீடத்தினரையும் ஒப்புநோக்குவோரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு மலர்க் கட்டுரையில் ஒல்லாந்த வம்சம் என்று வந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டும். தஞ்சை மாவட்டத்திலோ நாகப்பட்டினத்திலோ உள்ள வாசகர் எவரேனும், தங்கள் ஊர்ப்பக்கத்துச் செப்பேடுகளிலோ வைத்தியக் குடும்பங்களின் ஏடுகளிலோ இந்தப் பெயருக்கு நெருங்கிய பெயர் எதையேனும் கண்டிருந்தால், தங்கள் பத்திரிகை வழியாகவே தெரிவித்தால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.